கொல்லைச் செடியில் ஒரு குளிர்தேநீர்

கோடை விடுமுறை நெருங்குகிறது. வீட்டிலேயே செய்யத்தக்க குளிர்பானம் ஒன்றைப் பற்றி எழுதுமாறு விடுதி நண்பர்கள் கேட்டனர். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். செய்முறைக்கு முன் ஒரு சிறு நிகழ்ச்சியைக் கூற வேண்டும்.

என் ஊர் கொல்லயில். பாறசாலைக்கு அருகே, நெய்யாற்றின்கரை வட்டத்தில் உள்ளது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தமிழகத்தோடு இணைந்தது. எங்கள் ஊர் கேரளத்தில் நின்றது. வீட்டில் பேசுவது தமிழ். குடிப்பதோ பதிமுகச் சீவல் இட்டுக் காய்ச்சிய செந்நிற வெந்நீர்.

மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு திருமண வீட்டில் அந்தச் செந்நீரையே வயிறாரக் குடித்தோம். சூடு ஆறவேண்டும் என்று அதில் பாதிக்குப் பாதி கிணற்று நீரைக் கலந்திருந்தனர். ஒரு மாதம் கழித்து என் தம்பி மஞ்சட்காமாலையில் படுத்தான். அவ்வாண்டுத் தேர்வையும் இழந்தான். "மக்களே, வெந்நியில பச்சத்தண்ணி ஊத்தினா அது வெந்நியா?" என்று பாட்டி கேட்டது இன்றும் என் காதில் ஒலிக்கிறது.

பாட்டி கேட்டது அறிவியலுக்கு ஒத்த கேள்வியே. நீர்வழிப் பரவும் மஞ்சட்காமாலைக்குக் காரணமானவற்றுள் ஒன்று ஹெப்படைடிஸ் ஏ என்னும் நச்சுயிரி. உடலில் புகுந்து 15 முதல் 50 நாட்களுக்குள் நோயைக் காட்டும். 85 பாகை செல்சியஸுக்கு மேல் ஒரு நிமிடம் சூடேற்றினால் அது அழியும்; உறைய வைத்தாலோ அழியாது! ஆகவே பனிக்கட்டியும் கொதித்த நீரில் செய்ததாகவே இருத்தல் வேண்டும். 2024-இல் எறணாகுளம் மாவட்டத்து வேங்கூரில் இந்நோய் பலரைத் தாக்கியதை நாம் மறத்தலாகாது.

இனிச் செய்முறையைக் காண்போம். முதல் நாளே நீரைக் கொதிக்க வைத்து ஆற்றி, தூய தட்டில் ஊற்றிப் பனிக்கட்டியாக்கிக் கொள்க. மறுநாள் முக்கால் லிட்டர் நீரில் தோல் சீவிய அன்னாசித் துண்டுகள் கால் கிலோவும், தட்டிய இஞ்சி ஒரு துண்டும் இட்டு, ஐந்து நிமிடம் தளதளவெனக் கொதிக்க விடுக. இறக்கியவுடன், காம்பும் மகரந்தத் தண்டும் நீக்கிக் கழுவிய செம்பருத்திப் பூ பத்தும், துளசி ஒரு கைப்பிடியும் போட்டு மூடி வைக்க. பத்து நிமிடம் கழித்து வடிகட்டி, சூடு இருக்கும்போதே நான்கு கரண்டிச் சர்க்கரையைக் கரைக்க. பாத்திரத்தை மூடியபடியே குளிர்ந்த நீர்த் தாம்பாளத்தில் வைத்து ஆற்றுக. ஆற்றுவதற்காக உள்ளே நீர் ஊற்றவேண்டாம். பனிக்கட்டி கரைந்து சுவையைக் குறைக்கும் ஆதலால் சாற்றைச் சற்றுக் கெட்டியாகவே வைத்துள்ளோம்.

பருகும்போது எலுமிச்சை பிழிக. கருஞ்சிவப்பாய் இருந்த சாறு பளிச்சென்று செம்மை பெறும். செம்பருத்தியின் நிறப்பொருள் புளிப்புப் பட்டால் அவ்வாறு மாறும். பதிமுக நீரில் பிழிந்தாலோ செம்மை போய் மஞ்சள் தோன்றும். ஒரே எலுமிச்சை இரண்டு சாற்றில் இருவேறு வித்தை காட்டுவதை விடுதி அறையிலேயே சோதித்துப் பார்க்கலாம்.

சில எச்சரிக்கைகள்: பூச்சிமருந்து தெளித்த பூவையும், இன்னதென்று அறியாத பூவையும் தொடவேண்டாம். அரளியும் சிவப்பாய்ப் பூப்பதுண்டு; அது கொடிய நஞ்சு. கருவுற்றோரும், இரத்த அழுத்தத்துக்கு மருந்து உண்போரும் மருத்துவரைக் கேட்டே செம்பருத்திச் சாற்றைப் பருகவேண்டும். மீந்த சாற்றைக் குளிர்பெட்டியில் வைத்து ஒரு நாளுக்குள் பருகி முடிக்க.

இதில் தேயிலை இல்லை; ஆதலால் தூக்கத்தைக் கெடுக்கும் காஃபீனும் இல்லை. தேர்வுக்கு இரவில் கண்விழிக்க இது உதவாது என்று நண்பர்கள் குறைப்படலாம்! ஆயினும், விடுமுறையில் வீட்டார்க்கு உங்கள் கையால் ஒரு குவளை கொடுத்துப் பாருங்கள். கொடுக்குமுன், அதில் மிதக்கும் பனிக்கட்டி எந்த நீரில் செய்தது என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் தம்பிதான் இப்போது அந்தக் கேள்வியை முதலில் கேட்கிறான்.