பனியையும் வெயிலையும் தாங்கும் ரோஜா

மலர்களுக்கெல்லாம் அரசி ரோஜா என்பர். தேவதாயின் பீடத்திலும் திருமணப் பந்தலிலும் அதற்கு முதலிடம் உண்டு. செபமாலையைக் குறிக்கும் 'ரொசாரியும்' என்ற இலத்தீன் சொல்லுக்கே ரோஜாத் தோட்டம் என்பதுதான் முதற்பொருள். எனினும், ஆவலோடு ரோஜாச் செடி வாங்கி வைத்த இல்லங்கள் பலவற்றில், ஓரிரு ஆண்டுகளில் எஞ்சுவது இலையுதிர்ந்த முட்குச்சியே. பிறகு மருந்துக்குக் காசு செலவழிப்பதும், குழந்தைகள் விளையாடும் முற்றத்தில் வாரந்தோறும் நஞ்சு தெளிப்பதும் வழக்கமாகிவிடுகின்றன. இது தேவைதானா?

குறை பெரும்பாலும் நாம் தேர்ந்த செடியிலேயே உள்ளது. பூவின் அளவையும் நிறத்தையும் மட்டும் நோக்கி, மிதமான தட்பவெப்பம் கொண்ட நாடுகளில் உருவாக்கப்பட்ட வகைகள் பிற நிலங்களில் தடுமாறுகின்றன. இதனை உணர்ந்த சிலர், அழகோடு உறுதியையும் தேடினர்.

கனடாவின் தலைநகரான ஒட்டாவாவில் குளிர்காலத்தில் வெப்பநிலை பூச்சியத்திற்குக் கீழே 30 பாகை வரை இறங்குவதுண்டு. அங்குள்ள அரசு வேளாண்மைப் பண்ணையில் ஃபெலிசித்தாஸ் ஸ்வேய்டா என்னும் பெண்மணி, 1961 முதல் ரோஜா ஆய்வில் ஈடுபட்டார். ஜப்பான், கொரியக் கடலோர மணலில் தானே வளரும் ரூகோசா என்னும் காட்டு ரோஜாவின் வழிவந்த செடிகளை அவர் பயன்படுத்தினார். நாற்றுகளைப் பனிக்கு மறைத்து மூடவில்லை, மருந்தும் தெளிக்கவில்லை. பிழைத்து நின்றவற்றையே தேர்ந்தார். 1968-இல் 'மார்ட்டின் ஃபுரோபிஷர்' வெளிவந்தது. தொடர்ந்து, நாடாய்வாளர்களின் பெயர் தாங்கிய வகைகள் பல வந்தன.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்த வில்லியம் ராட்லர் இன்னும் ஒரு படி சென்றார். கரும்புள்ளி நோய் கண்ட இலைகளை உலர்த்திப் பொடியாக்கித் தம் நாற்றுகளின்மீது தாமே தூவினார்! அச்சோதனையில் நிலைத்த குலத்திலிருந்து பிறந்த 'நாக் அவுட்' 2000-இல் விற்பனைக்கு வந்தது. ஆயினும் 'ரோஸ் ரொசெட்' என்னும் நச்சுயிரி நோய் அதனையும் விட்டுவைக்கவில்லை. எல்லா நோயையும் வெல்லும் செடி எங்குமில்லை.

குளிருக்கு அவர்கள் செய்ததை, வெயிலுக்கு நம் கொடைக்கானலில் செய்தனர் எம். எஸ். வீரராகவனும் அவர்தம் துணைவியார் கிரிஜாவும். இந்திய ஆட்சிப் பணியை விட்டு ரோஜாவுக்கே தம்மை ஒப்படைத்தவர் வீரராகவன். வங்கத்து வெள்ளத்தில் நின்றாலும் அழுகாத கிளைனோஃபில்லா, மணிப்பூர் மலைகளில் மரங்களைப் பற்றி ஏறும் ஜைகாந்தியா ஆகிய இரு காட்டு ரோஜாக்களைக் கொண்டு, வெப்பநாடுகளுக்கேற்ற வகைகளை இருவரும் உருவாக்கினர்.

இனி, நம் இல்லத்திற்கு வருவோம். சமவெளியில் வாழ்வோர் முதலில் பன்னீர் ரோஜாவை நடுவது நலம். எட்வர்டு ரோஜா என்றும் வழங்கும் இது, சீன ரோஜாவும் டமாஸ்க் ரோஜாவும் கலந்து ரீயூனியன் தீவில் தோன்றியது. நம் வெயிலுக்குப் பழகியது. குச்சி நட்டாலே துளிர்ப்பது. ஆறு மணி நேரமேனும் வெயில் படும் இடத்தில், நன்கு மக்கிய தொழு உரமிட்டு, காற்றோட்டமாக இடைவெளி விட்டு நடுக. கரும்புள்ளிக் காளான் இலையில் பற்ற, இலை ஏறக்குறைய ஏழு மணி நேரம் தொடர்ந்து ஈரமாக இருக்கவேண்டும். ஆகவே காலையில், வேருக்கு மட்டும் நீர் விடுக. உதிர்ந்த புள்ளி இலைகளைப் பொறுக்கி எரித்துவிடுக. ஒட்டுச்செடியாயின், ஒட்டுக்குக் கீழே எழும் தளிர்களை உடனே நீக்குக. இன்றேல் அடிச்செடி மேலோங்கி, நல்ல செடி மடிந்துவிடும். நுனி கருகிய கிளையைப் பச்சை தெரியும் வரை வெட்டுக.

இந்த ஆய்வாளர்கள் நாடிச் சென்ற காட்டு ரோஜாக்களுக்குப் பெரும்பாலும் ஐந்தே இதழ்கள். கடைத்தெருவில் அவற்றை எவரும் திரும்பிப் பாரார். பகட்டான மலர்களுக்கு இல்லாத வலிமையை, படைத்தவர் அவ்வெளிய செடிகளில் வைத்திருந்தார். பெற்றோரே, நம் பிள்ளைகளின் வளர்ப்பிலும் இதனை நினைவிற்கொள்வோம். சிறு சிறு துன்பங்களும் அணுகாதபடி எந்நேரமும் போர்த்திக் காப்பதைவிட, அளவான வெயிலிலும் காற்றிலும் வேரூன்றச் செய்வதே அன்பு. பராமரிப்பு நம் கடமை. பூக்கச் செய்பவர் இறைவன்.