சோம்பேறின்னு திட்டாதீங்க... ரத்தத்தைக் கேளுங்க!

எட்டரை மணிக்கு ஃபர்ஸ்ட் ஹவர். எட்டு இருபத்தஞ்சு வரைக்கும் போர்வைக்குள் சுருண்டு கிடக்கிற கேஸ் உங்க ரூமிலும் ஒண்ணு இருக்கும். இல்லைன்னா, அந்த கேஸே நீங்கதான்! எங்க ஹாஸ்டலில் அந்தப் பெருமை என் ரூம்மேட்டுக்கு. 'கும்பகர்ணன்'னு கதவிலேயே சாக்பீஸால் எழுதி வெச்சிருந்தோம். செகண்ட் இயர் வரை ஃபுட்பால் ஆடினவன், திடீர்னு நிறுத்திட்டான். மூணு மாடி ஏறினால் மூச்சு வாங்கினான். ரெண்டு பக்கம் படிச்சா முதல் பக்கம் மறந்துபோச்சு. 'என்ன மச்சி, லவ்வா?'ன்னு கலாய்ச்சோம். ஊரிலிருந்து அவன் அப்பா, 'ராத்திரி பூரா செல்போனை நோண்டினா இப்படித்தான்'னு போனிலேயே தீர்ப்பு எழுதிட்டார்.

விஷயம் வெளியே வந்தது வாஷ்பேசினில். கண்ணை மூடி முகத்துக்கு சோப்பு போட்டுக்கிட்டு இருந்தவன், அப்படியே சாய்ஞ்சு சுவரில் இடிச்சுக்கிட்டான். 'கண்ணை மூடினா எங்கே நிக்கிறேன்னே தெரியலைடா. பஞ்சு மேல நிக்கிற மாதிரி இருக்கு. ரெண்டு மாசமா பாதத்துல எறும்பு ஊருது'ன்னு அப்போதான் வாயைத் திறந்தான். அன்னிக்கு சாயங்காலமே டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போனோம். நாக்கை நீட்டச் சொன்னார். சொரசொரப்பே இல்லாமல் வழவழன்னு சிவந்து இருந்தது. அப்புறம் ப்ளஸ் டூ பிசிக்ஸ் லேபில் பார்த்தோமே, அதே ட்யூனிங் ஃபோர்க்கைத் தட்டி அவன் கால் கட்டைவிரலில் வெச்சார். 'அதிருதா?'ன்னா, 'இல்லை சார்'ங்கிறான். மறுநாள் ரத்த ரிசல்ட் வந்தது. வைட்டமின் பி12 பாதாளத்தில்!

நான் ஈ.ஈ.ஈ. ஸ்டூடன்ட். அதனால் எனக்குப் புரிஞ்ச பாஷையில் சொல்றேன். ஒயருக்கு மேல் இன்சுலேஷன் இருக்கு இல்லையா? அதே மாதிரி நம் நரம்புகளுக்கு மேலேயும் மயலின் என்று ஓர் உறை உண்டு. அது கெடாமல் இருக்க பி12 வேண்டும். பி12 இல்லைன்னா உறை பழுதாகும், சிக்னல் சொதப்பும். கால் எங்கே இருக்குங்கிற தகவலே மூளைக்கு ஒழுங்காப் போகாது. கண் திறந்திருக்கிறவரை பார்வையை வெச்சு சமாளிக்கலாம். மூடினா அவ்வளவுதான், தள்ளாட்டம். ரத்தச் சிவப்பணு தயாரிப்புக்கும் இதே பி12 தேவை என்பதால், களைப்பும் மூச்சு வாங்குவதும் கூடவே வரும்.

சரி, இவனுக்கு மட்டும் ஏன்? ஆள் சுத்த சைவம். பி12 இயற்கையா கிடைப்பது மீன், கறி, ஈரல், முட்டை, பால், தயிர் போன்ற விலங்கு வழி உணவுகளில்தான். கீரையை அண்டா அண்டாவாகச் சாப்பிட்டாலும் பி12 வராது. சைவக்காரர்களுக்குப் பாலும் தயிரும்தான் லைஃப்லைன். நம்ம ஹீரோவோ மெஸ் தயிர் புளிக்குதுன்னு தொடமாட்டான், குடிப்பது கட்டங்காப்பி! ஒருநாள் தேவை வெறும் 2.2 மைக்ரோகிராம் என்கிறது ஐ.சி.எம்.ஆர். ஒரு பெரிய டம்ளர் பாலில் சுமார் 1 மைக்ரோகிராம் இருக்கும். இதில் ஒரு வில்லங்கம், ஈரல் இந்தச் சத்தை வருஷக்கணக்கில் ஸ்டாக் வெச்சிருக்கும். அதனால் இன்னிக்கு விட்ட தப்பு இன்னிக்கே தெரியாது. ஃபர்ஸ்ட் இயர் அரியர் ஃபைனல் இயரில் கழுத்தைப் பிடிக்கிற மாதிரிதான்.

'பழைய சோத்துல பி12 கொட்டிக் கிடக்கு'ன்னு உங்களுக்கும் ஃபார்வர்டு வந்திருக்கும். பழைய சோறு நல்ல சாப்பாடு, மறுப்பே இல்லை. ஆனா, பி12-க்கு அதை நம்பி உட்கார முடியாது.

அந்த 'சத்து மாத்திரை' செய்த வேலை!

இனிமேல் சொல்லப்போறதுதான் என்னைத் தூங்கவிடாத விஷயம். நாலு மாசத்துக்கு முன்னாடியே 'டயர்டா இருக்குண்ணா'ன்னு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு, இரும்பும் ஃபோலிக் ஆசிடும் கலந்த மாத்திரை வாங்கிப் போட்டிருக்கான். வாங்கித் தந்த புண்ணியவான் நான்தான். முகம் கொஞ்சம் தெளிஞ்சது. 'பார்த்தியா, டாக்டர் ஃபீஸ் மிச்சம்'னு காலரைத் தூக்கிவிட்டுக்கிட்டேன்.

ஃபோலிக் ஆசிடும் பி12-ம் ரத்தத் தயாரிப்பில் கூட்டாளிகள். 1928-ல் லூசி வில்ஸ் என்ற இங்கிலாந்து டாக்டர் பம்பாய்க்கு வந்தார். அங்கே கர்ப்பிணிகளுக்கு வந்த கடுமையான ரத்தசோகை, ஈஸ்ட்டில் இருக்கும் ஏதோ ஒன்றால் குணமாவதைக் கண்டுபிடித்தார். அந்த 'ஏதோ ஒன்று' ஃபோலேட் என்பது பின்னால் தெரிந்தது. 1940-களில் ஃபோலிக் ஆசிட் மாத்திரையாக வந்ததும், பி12 குறைவால் ரத்தசோகை வந்தவர்களுக்கும் அதையே கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தம் தேறியது. ஆனால், நரம்புக் கோளாறு நிற்கவில்லை, சிலருக்கு மோசமும் ஆனது. அலாரத்தை ஆஃப் பண்ணிட்டோம், தீ எரிஞ்சுக்கிட்டே இருக்கு! என் ரூம்மேட்டுக்கும் அதுதான் நடந்திருக்கலாம் என்றார் டாக்டர். பி12 குறைவு இல்லைன்னு தெரியாமல், களைப்புக்கு ஃபோலிக் ஆசிட் மட்டும் நீங்களாகப் போட்டுக்காதீங்க.

சாதா ரத்த டெஸ்ட்டிலும் ஒரு பொறி இருக்கு. பி12 குறைஞ்சா சிவப்பணு சைஸ் பெரிசாகும். இரும்பு குறைஞ்சா சின்னதாகும். ரெண்டும் சேர்ந்து குறைஞ்சா? ரிப்போர்ட்டில் வருவது சராசரி சைஸ்தானே, அது 'நார்மல்'னு பல்லிளிக்கும். எம்-2 பேப்பரில் ஆவரேஜை நம்பி மோசம் போனவங்களுக்கு இது நல்லாவே புரியும். அதனால் பாதம் மரத்துப்போகுது, நாக்கு எரியுது, ஞாபகம் தடுமாறுதுன்னா, பி12 அளவைத் தனியா பார்க்கணுமான்னு டாக்டரிடமே கேளுங்க. அசிடிட்டிக்கு வருஷக்கணக்கில் ஒமிப்ரஸோல் வகை மாத்திரை போடுறவங்க, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுக்கிறவங்களுக்கும் பி12 உறிஞ்சப்படுவது குறையலாம். உங்க அப்பா, அம்மாவையும் இந்த லிஸ்ட்டில் சேர்த்துக்கோங்க.

அடுத்த பிரபலம், வைட்டமின் டி. சுட்டெரிக்கிற ஊரில் இருந்துக்கிட்டு இதுக்குப் பஞ்சமா? ஆமாம் பாஸ்! ஹாஸ்டலில் இருந்து கிளாஸ், கிளாஸில் இருந்து லேப்னு நாள் பூரா கூரைக்கு அடியில்தானே இருக்கோம். ஜன்னலோர சீட்டில் வெயில் விழுதேன்னு சந்தோஷப்பட வேண்டாம், டி தயாரிக்கத் தேவையான புற ஊதா பி கதிரைக் கண்ணாடி தடுத்துடும். கறுப்புத் தோலுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் வெயில் வேண்டும். உங்க நிழல் உங்க உயரத்தைவிடக் குட்டையா இருக்கிற நேரம்தான் சரியான நேரம். அதுக்காக உச்சி வெயிலில் மணிக்கணக்கில் காயாதீங்க, கொஞ்ச நேரம் போதும்.

குறைவுன்னு தெரிஞ்சா டாக்டர்கள் பெரும்பாலும் 60,000 யூனிட் பாக்கெட் எழுதுவாங்க. வாரத்துக்கு ஒண்ணு, அதுவும் சில வாரங்களுக்கு மட்டும். இதைத் தினம் ஒண்ணுன்னு நினைச்சு முழுங்கறவங்களும் இருக்காங்க! இது கொழுப்பில் கரைகிற வைட்டமின். மிஞ்சினதை உடம்பு லேசில் வெளியே தள்ளாது. ரத்தத்தில் கால்சியம் எகிறி வாந்தி, சிறுநீரகச் சிக்கல் வரை போகலாம்.

மத்ததெல்லாம் கடகடன்னு சொல்லிடறேன். வாய் ஓரம் வெடிச்சா பி2 குறைவாக இருக்கலாம். பி காம்ப்ளெக்ஸ் போட்டதும் சிறுநீர் பளிச்னு மஞ்சளாகுமே, அது உடம்பு வேண்டாம்னு தள்ளின அதே பி2. நான் அதைப் பார்த்து, 'மாத்திரை வேலை செய்யுது'ன்னு பூரிச்ச ஆள்! ஈறில் ரத்தம் வந்தா வைட்டமின் சி-யை மட்டும் சந்தேகப்படாதீங்க, பல் அழுக்கும் காரணமா இருக்கும். நெல்லிக்காயோ கொய்யாவோ நாளைக்கு ஒண்ணு சாப்பிட்டாலே சி-க்குப் போதும். மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமா இருக்கிற தோழிகளே, உங்க களைப்புக்கு இரும்புச்சத்துக் குறைவு காரணமா இருக்கலாம். இரும்பு வைட்டமின் இல்லைதான், ஆனா அதையும் பார்க்கச் சொல்லுங்க. தைராய்டு, மன அழுத்தம், தூக்கமின்மைன்னு களைப்புக்கு வேற காரணங்களும் உண்டு. எல்லாப் பழியையும் வைட்டமின் தலையில் போட வேண்டாம்.

நம்ம கும்பகர்ணன் கதைக்கு வருவோம். முதலில் தினமும் ஊசி, அப்புறம் வாரம் ஒண்ணு, இப்போ மாசம் ஒண்ணு. மருந்து நல்ல சிவப்பு. நடுவில் கோபால்ட் உலோகம் இருக்கிற மூலக்கூறு அது. பத்து நாளில் மாடி ஏறினான். ரத்தம் சீக்கிரம் தேறிடும், நரம்புக்குத்தான் மாசக்கணக்கில் ஆகும்னு டாக்டர் முன்னாடியே சொல்லியிருந்தார். மெஸ் தயிரை இப்போ சர்க்கரை போட்டுச் சாப்பிடுறான். கதவில் இருந்த பேரை நான்தான் அழிச்சேன். போன வாரம் வாஷ்பேசின் பக்கம் நின்னு, கண்ணை மூடி, எதையும் பிடிக்காம முகம் கழுவிக் காட்டினான். இடது கால் சுண்டுவிரலில் மட்டும் இன்னும் எறும்பு ஊருதாம்.