பாதாளத்துச் சரக்குப் பட்டியல்

"மாமா, விளையாட்டுல வர்ற சாமானையெல்லாம் நாமே மாத்த முடியுமா?" என்று பத்தாம் வகுப்புப் படிக்கும் என் தங்கை மகன் சென்ற கோடை விடுமுறையில் கேட்டான். கம்ப்யூட்டர் விளையாட்டு என்றாலே கண்ணுக்கும் படிப்புக்கும் கேடு என்று நினைக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவன் நான். ஆனாலும் கேள்வி பிடித்திருந்தது. கடையில் வாங்கும் விளையாட்டுகள் பலவற்றின் உள்ளே எட்டிப் பார்க்கவே வழியில்லை. 'நெட்ஹேக்' என்ற பழைய விளையாட்டு அப்படியல்ல. அதன் மூல நிரல் முழுவதும் எவருக்கும் கிடைக்கும். ஆகவே அதையே எடுத்துக்கொண்டோம்.

இதற்கு ஒரு வம்சாவளி உண்டு. 1980-ஐ ஒட்டிக் கலிபோர்னியாவில் பிறந்த 'ரோக்' இதன் மூதாதை. அதைப் பார்த்து 1982-இல் ஜே ஃபென்லாசன் என்ற அமெரிக்கப் பள்ளி மாணவர் 'ஹேக்' எழுதினார். 1984-இல் அதை விரித்து வெளியிட்டவர் ஹாலந்து நாட்டுக் கணித அறிஞர் ஆண்ட்ரீஸ் பிரவுவர். பின்னர் மைக் ஸ்டீபன்சன், இஜாக் மில்லர், ஜேனட் வால்ஸ் முதலானோர் கைவைத்து, 1987 ஜூலையில் நெட்ஹேக் ஆயிற்று. மில்லர் தத்துவப் பேராசிரியர். 1994-இல் அவர் மறைந்தபின், பாதாளத்து ஊரிலுள்ள விளக்குக் கடைக்காரருக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். இன்றும் அந்தக் கடையில் இஜாக்தான் மெழுகுவத்தி விற்கிறார்.

விளையாட்டில் படம் கிடையாது, எழுத்தும் குறியும்தான். நம் வீரன் ஒரு புள்ளி போலப் பாதாளத்தின் தளங்களில் இறங்கிக்கொண்டே போகவேண்டும். வழியில் வாள், கவசம், ஓலைச்சுருள், மந்திரக்கோல் என்று நூற்றுக்கணக்கான பொருள்கள். அத்தனையும் 'ஆப்ஜெக்ட்ஸ்' என்ற ஒரே கோப்பில், சி மொழியில், பொருளுக்கு ஒரு வரியாக எழுதப்பட்டுள்ளன. சாலைக் கடைத்தெருவில் மொத்த வியாபாரியின் இருப்புப் புத்தகத்தைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். குறுவாள் என்றால் எடை 10, விலை 4. சிறிய எதிரியை அடித்தால் 4 முகப் பகடை, பெரியதை அடித்தால் 3 முகப் பகடை. நீள்வாள் என்றால் எடை 40, விலை 15. பகடை 8, 12. இவற்றோடு ஒவ்வொரு வரியிலும் இன்னோர் எண் உண்டு. அந்தப் பொருள் எத்தனை அபூர்வம் என்பதைச் சொல்லும் எண் அது. குறுவாளுக்கு 30, நீள்வாளுக்கு 50. (நான் சொல்வது 2003-இல் வந்த 3.4.3 பதிப்பின் கணக்கு.)

பையனின் கண் நேராகப் போன இடம் 'வரம் தரும் மந்திரக்கோல்'. கையில் கிடைத்தால் வேண்டிய பொருளைக் கேட்டுப் பெறலாம். அதன் அபூர்வ எண் வெறும் 5. அவன் அதை 100 ஆக்கினான், நிரலைத் தொகுத்தான், ஓட்டினான். விளையாட்டு தொடங்கவே இல்லை! 1095 என்ற ஓர் எண்ணைக் காட்டிவிட்டு நின்றுவிட்டது.

காரணத்தைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு மாலைப்பொழுது பிடித்தது. ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் அபூர்வ எண்களின் கூட்டுத்தொகை சரியாக 1000 இருக்கவேண்டும். தொடங்கும்போதே நிரல் கூட்டிப் பார்க்கிறது. ஒன்று கூடினாலும் குறைந்தாலும் கதவைச் சாத்திவிடுகிறது. ஒருவனுக்கு அதிகம் கொடுக்கவேண்டுமானால் இன்னொருவனிடமிருந்து எடுத்தாக வேண்டும். வெளிச்சம் தரும் மந்திரக்கோலின் எண் 95. அதைச் சுழியாக்கினோம். கணக்கு சரியாயிற்று.

மாற்றம் எத்தனை பெரிது என்று காகிதத்தில் போட்டுப் பார்க்கச் சொன்னேன். சாதாரணத் தளங்களில் தற்செயலாகக் கிடக்கும் பொருள்களில் நூற்றுக்கு 4 மந்திரக்கோல். அவற்றில் ஆயிரத்துக்கு 5 வரம் தருவது. ஆக, 5000 பொருளுக்கு ஒன்று. இப்போது 250-க்கு ஒன்று. நிகழ்தகவுப் பாடத்தைப் பள்ளியில் கசப்பு மருந்து போல விழுங்கிய பையன் இதை மட்டும் இரண்டு முறை சரிபார்த்தான்.

ஆனால் அவன் சேமித்து வைத்திருந்த பழைய ஆட்டத்தைத் தொடர்ந்தபோது ஒன்றும் மாறவில்லை. இந்தப் பதிப்பு ஆட்டத்தைச் சேமிக்கும்போது பொருள் அட்டவணையின் எண்களையும் சேர்த்தே எழுதிவிடுகிறது. திறக்கும்போது பழைய எண்களே திரும்பி வருகின்றன. புது ஆட்டம் தொடங்கினால்தான் புதுக் கணக்கு. இது தெரியாமல் கோப்பைத் திருத்தித் திருத்திச் சலித்துப்போனான், பாவம்.

புது ஆட்டத்தில் கோல் சீக்கிரமே கிடைத்தது. கவசம் கேட்டான், வந்தது. இரண்டாம் நாள் மாலைக்குள் சலிப்புத் தட்டிவிட்டது. ஆக்கியோர் இந்தக் கோலை வெகு ஆழத்தில் ஒரு கோட்டைக்குள் நிச்சயமாக ஒன்று வைத்திருக்கிறார்கள். அத்தனை தூரம் உயிரோடு போகிறவனுக்கு உரிய கூலி அது. அதை முதல் படியிலேயே கொடுத்துவிட்டால் பிறகு இறங்கிப் போக வேண்டிய அவசியம் என்ன?

விலையைத் தொட்டாலும் வம்புதான். இன்னதென்று தெரியாத சுருளைக் கடைக்காரர் என்ன விலைக்குக் கேட்கிறார் என்பதை வைத்தே அனுபவசாலிகள் அது எதுவென்று ஊகிப்பார்கள். சுருள்களில் அடிப்படை விலை 20 உள்ளது, பொருளை அடையாளம் காட்டும் சுருள் ஒன்றுதான். அந்த ஓர் எண்ணை 100 ஆக்கினால் அது மற்றக் கூட்டத்தோடு கலந்துவிடும். துப்பறியும் வழி அடைபட்டுப்போகும்.

இப்படியெல்லாம் பிரித்து மேய நமக்கு உரிமை உண்டா என்று சிலர் கேட்கலாம். உண்டு. நெட்ஹேக்கின் 1989-ஆம் ஆண்டு உரிமப் பத்திரம், ரிச்சர்ட் ஸ்டால்மன் 1988-இல் வெளியிட்ட 'பைசன்' உரிமத்தை அடியொற்றியது. மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். மாற்றிய கோப்பில் மாற்றியவர் யார், என்றைக்கு என்று குறித்துவிடவேண்டும். அதே ஸ்டால்மன் 2001 ஜூலையில் நம் திருவனந்தபுரத்துக்கு வந்திருந்தார். இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தொடங்கப்பட்டது இவ்வூரில்தான். பிள்ளைகள் இங்கே பள்ளியில் லினக்ஸ் கம்ப்யூட்டரில் படிப்பதன் பின்னணியிலும் அந்த எண்ணமே இருக்கிறது. பையன் கோப்பின் தலையில் தன் பெயரையும் தேதியையும் எழுதியபோது, ஏதோ பத்திரத்தில் கையெழுத்திடுவது போல நிமிர்ந்து உட்கார்ந்தான்.

கடைசி நாள் பாதாளத்தின் உணவுப் பொட்டலத்துக்கு 'இட்லி' என்று ஆங்கில எழுத்தில் பெயர் வைத்தான். உடனே நிரல் தொகுக்க மறுத்தது. பட்டியலிலுள்ள பெயரிலிருந்தே உள்பெயரும் தானாக உருவாகிறதாம். மற்றக் கோப்புகளோ பழைய பெயரையே கூப்பிட்டுக்கொண்டிருந்தன. ஒவ்வோர் இடமாகத் தேடி மாற்றி முடிக்க இரவு பதினொன்று ஆயிற்று. இப்போது பாதாளத்தில் இட்லி கிடைக்கிறது. எடை 20, விலை 45, தின்று முடிக்க 5 முறை பிடிக்கும். சட்டினிக்கு இன்னும் வரி எழுதவில்லை.