பால் துளிக்குக் கிரீடம்!

மெல்லிய பால் படலத்தின் மேல் ஒரு துளி பால் 'சொட்'டென்று விழுகிறது. விழுந்த இடத்தில் ஒரு கிரீடம் எழுகிறது. அதன் முனைகளில் முத்து முத்தாகத் துளிகள்! கண் இமைப்பதற்குள் எல்லாம் மறைந்துவிடும்.

இந்த அதிசயத்தை 1957-ல் கலர் படமாகப் பிடித்தார், அமெரிக்கப் பேராசிரியர் ஹெரால்டு எட்ஜர்டன். அதற்காக அவர் பட்ட பாடு இருபது வருடத்துக்கும் மேல்.

இன்று நாம் வீட்டிலேயே எடுத்துப் பார்க்கலாம். ஆனால் பலருடைய படத்தில், கிரீடத்தைச் சுற்றி ரவையைத் தூவியதுபோல் புள்ளிகள் விழுந்துவிடுகின்றன. ஏன்?

வெளிச்சப் பஞ்சம்!

ஒளி மழையைப் போன்றது. கொட்டும் மழையில் முற்றம் முழுவதும் நனையும். தூறலில் இங்கே ஒரு சொட்டு, அங்கே ஒரு சொட்டு. குறைந்த ஒளியில் எடுத்த படமும் அப்படித்தான். காமிராவில் ஐ.எஸ்.ஓ. எண்ணை 100-லிருந்து 3200-க்கு ஏற்றினால் மழை கூடாது. தூறல்தான் பெரிதாகத் தெரியும்.

"பிளாஷ் விளக்கைக் கூட்டினால் போயிற்று" என்பீர்கள். அங்கேதான் சங்கடம்! முழுச் சக்தியில் விளக்கு அதிக நேரம் எரியும். துளி அசைந்து, படம் கலங்கிவிடும். சக்தியை 128-ல் ஒரு பங்காகக் குறைத்தால், பல விளக்குகள் வினாடியில் சுமார் 20,000-ல் ஒரு பங்கு நேரமே மின்னும். துளி சிலைபோல் நிற்கும். ஆனால் ஒளி போதாது.

வழி உண்டு. விளக்கைத் துளிக்கு அருகே கொண்டுபோங்கள். தூரம் பாதியானால் ஒளி 4 மடங்கு! போதாவிட்டால், அதே குறைந்த சக்தியில் இரண்டு மூன்று விளக்குகளைச் சேர்ந்து மின்னச் செய்யுங்கள். லென்ஸின் துவாரத்தை மிகவும் குறுக்க வேண்டாம். அறை இருட்டாக இருக்கட்டும். அப்போது காமிரா அரை வினாடி திறந்திருந்தாலும், மின்னிய அந்த நொடிதான் படத்தில் விழும்.

"புள்ளிகளைக் கம்ப்யூட்டரில் துடைத்துவிடலாமே?" துடைக்கலாம். ஆனால் கிரீடத்திலிருந்து தெறிக்கும் பொடித் துளியும் பார்வைக்குப் புள்ளிதானே! அதுவும் சேர்ந்து போய்விடும்.

போனால் என்ன என்கிறீர்களா? இங்கிலாந்தின் விஞ்ஞானி ஆர்தர் வொர்திங்டன், மின்பொறி வெளிச்சத்தில் துளி தெறிப்பதைப் பார்த்துப் பார்த்துக் கையாலேயே வரைந்தார். கிரீடங்கள் எல்லாம் அச்சில் வார்த்தது போன்ற அழகு! 1890-களில் போட்டோ எடுத்துப் பார்த்தார். ஒரு முனை நீளம், ஒரு முனை குட்டை; ஒரு பக்கம் துளி உண்டு, மறுபக்கம் இல்லை.