கருவியும் களவும்

ஒருவன் ஒரு பொருளைச் செய்வதற்குக் கருவி வேண்டும். அக்கருவியைத் தமிழிலக்கணம் முதற்கருவி, துணைக்கருவி என இரண்டாகப் பகுத்துக் கூறும். மண்ணால் குடம் செய்தான் என்புழி மண் முதற்கருவி. அது குடமாகவே மாறிவிடுகின்றது. திரிகையால் குடம் செய்தான் என்புழித் திரிகை துணைக்கருவி. குடம் முடிந்த பின்னும் அடுத்த குடத்திற்காக அது எஞ்சி நிற்கின்றது. மூன்றாம் வேற்றுமையின் பொருளை மாணவர்க்கு விளக்கும் ஆசிரியர் கையாளும் பழைய எடுத்துக்காட்டு இது.

இவ்விலக்கணப் பாகுபாட்டில் வாழ்க்கையைப் பற்றிய உண்மை ஒன்றும் அடங்கியிருக்கின்றது. மண் களவு போனால் ஒரு குடம் போயிற்று. திரிகை களவு போனாலோ இனிச் செய்யவிருந்த குடங்கள் யாவும் போயின. தொழிற்கருவித் திருட்டு ஏனைய திருட்டுகளினின்று வேறுபடுவது இவ்விடத்தில்தான். இழந்த பொருளின் விலையன்று, இழந்த நாட்களின் கூலியே அதன் உண்மையான அளவு.

தோட்டமும் தொழிலும்

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியாகிய செபராங் பிறையில், புக்கிட் மெர்தாஜாமுக்கும் ஜூருவுக்கும் அருகில் உள்ளது புக்கிட் தெங்கா. மலாய் மொழியில் புக்கிட் என்பது குன்று. தெங்கா என்பது நடு. நடுக்குன்று என்று பெயர்பெற்ற இவ்வூரை உள்ளிட்ட நிலப்பகுதி, 1800ஆம் ஆண்டில் கெடா சுல்தானிடமிருந்து ஆங்கிலக் கும்பெனியார் பெற்று வெல்லெஸ்லி மாகாணம் எனப் பெயரிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இம்மாகாணத்தின் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். கரும்புக்குப் பின் ரப்பர் வந்தது. பினாங்கு வளர்ச்சிக் கழகம் 1969இல் தோன்றிய பின்னர், தோட்டமும் வயலுமாக இருந்த நிலங்கள் பல தொழிற்பேட்டைகளாயின. புக்கிட் தெங்காவிலும் தொழிற்பேட்டை எழுந்தது.

தோட்டத்தில் வாழ்ந்தவனுக்கு நிலம் தன்னுடையதன்று, மரம் தன்னுடையதன்று, குடியிருந்த லயமும் தன்னுடையதன்று. இன்றோ வயர்மேன், குழாய் பொருத்துபவர், வெல்டிங் செய்பவர், குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்ப்பவர் எனப் பலர் ஒரு வேனிலோ, சிறு லாரியிலோ, பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளிலோ தம் தொழிலைத் தாமே கொண்டு செல்கின்றனர். கூலிக்கு நின்றவரின் வழிவந்தோர் தமக்குத் தாமே தலைவராகத் துணைநின்றது அந்தக் கருவிப்பெட்டிதான். அது ஓரிரவில் மறையுமாயின், மறுநாளே அவர் பிறரிடம் கைகட்டி நிற்க நேர்கின்றது. வாகனமும் உடன்போனால், தவணைக் கடன் மட்டும் வீட்டில் எஞ்சி நிற்கும். மோட்டார் காப்புறுதி பொதுவாக வாகனத்திற்கே உரியது. தனியே சேர்த்துக்கொண்டாலன்றி அதனுள் இருக்கும் கருவிகளை அது காப்பதில்லை.

சட்டம் காப்பது எவ்வளவு?

தொழிலாளியின் கருவி தனிச்சிறப்புடையது என்பதைப் பண்டைச் சட்டங்களும் உணர்ந்திருந்தன. மாவரைக்கும் எந்திரக்கல்லைக் கடனுக்கு ஈடாகக் கொள்ளலாகாது என்று எபிரேயரின் பழைய சட்டம் விதித்தது. அவ்வாறு கொள்வது ஒருவனது உயிரையே ஈடு கொள்வதாகும் என்பது அதன் கருத்து. இந்தியாவின் 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டம், கைவினைஞரின் கருவிகளைக் கடனுக்காகப் பறிமுதல் செய்வதினின்று 60ஆம் பிரிவில் விலக்கியுள்ளது. வாடகைப் பாக்கிக்காகப் பொருளைக் கைப்பற்றுவது பற்றிய மலேசியாவின் 1951ஆம் ஆண்டுச் சட்டமும், ஒருவன் கையில் அப்போது பயன்பட்டுக்கொண்டிருக்கும் பொருளுக்கு விலக்குத் தருகின்றது.

கடன்காரனிடமிருந்து கருவியை இவ்வாறு சட்டம் காக்கின்றது, கள்வனிடமிருந்தோ? மலேசியாவின் தண்டனைச் சட்டம், 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் வழிவந்தது; நீரிணைக் குடியேற்றங்களுக்கென 1871இல் இயற்றப்பட்டது அதன் முன்னோடி. இச்சட்டத்தின் 378ஆம் பிரிவு திருட்டு யாது என்பதை வரையறுக்கின்றது. உடையவனின் இசைவின்றி, நேர்மையற்ற எண்ணத்துடன், அசையும் பொருளை இடம்பெயர்த்தலே திருட்டு. மோட்டார் வாகனத் திருட்டுக்கு 379ஏ என்னும் தனிப்பிரிவு உண்டு. அதற்கு ஓராண்டுக்குக் குறையாத சிறைத்தண்டனை விதிக்கப்படும். ஆனால் கருவிக்கெனத் தனிப்பிரிவு இல்லை. துளையிடும் எந்திரம் திருடப்பட்டாலும் அலங்காரப் பொருள் திருடப்பட்டாலும் சட்டத்தின் கண்ணில் இரண்டும் அசையும் பொருள்களே.

இனி, கள்வன் அகப்பட்டாலும் கருவி உடையவனுக்கு மீள்வது உறுதியன்று. ஒரே நிறமும் ஒரே வடிவும் கொண்ட இருபது துளையிடும் எந்திரங்களைப் போலீசார் மீட்டுவிட்டனர் என்று கொள்வோம். அவற்றுள் எது எவருடையது? “இது என்னுடையது” என்று சொன்னால் மட்டும் போதாது; அதனை மெய்ப்பிக்க வேண்டும். தொழிலாளர் பலர் தோற்பது இவ்விடத்தில்தான்.

பெயர் பொறித்த கல்

இச்சிக்கலுக்குரிய விடை இத்தீபகற்பத்திலேயே மிகப் பழங்காலத்தில் எழுதப்பட்டிருக்கின்றது. பினாங்கிற்கு வடக்கே, தாய்லாந்தின் கிராபி மாநிலத்தில், குவான் லுக் பட் என்னும் தொல்லிடத்தில் சிறிய உரைகல் ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அதில் தமிழ் பிராமி எழுத்தில் ‘பெரும்பதன் கல்’ எனப் பொறிக்கப்பட்டுள்ளது. பெரும்பத்தன் என்பானது கல் என்பது பொருள். பொற்கொல்லரைப் பத்தர் என்று வழங்கும் வழக்கம் இன்றும் உண்டு. கி.பி. மூன்றாம் அல்லது நான்காம் நூற்றாண்டைச் சார்ந்தது அது என்பது அறிஞர் கணிப்பு. கடல் கடந்து சென்ற தமிழரின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளுள் ஒன்றாகிய இது, வேந்தன் ஒருவனின் மெய்க்கீர்த்தியன்று. ஒரு தொழிலாளி தன் கருவிமேல் எழுதிய பெயர்.

தமிழ்நாட்டில் கொடுமணல், கீழடி முதலிய இடங்களில் கிடைத்த பானை ஓடுகளிலும் ஆட்பெயர்கள் கீறப்பட்டுள்ளன. பாத்திரக் கடையில் வாங்கும் குடத்திலும் தட்டிலும் பெயர் வெட்டுவித்துக்கொள்ளும் வழக்கம் தமிழரிடையே இன்றளவும் இருந்து வருகின்றது. திருமண வீட்டிற்கு இரவல் சென்ற அண்டா உரியவர் வீட்டிற்கே திரும்பி வருவது அவ்வெழுத்தால்தான். ஆயினும் சோற்றுத் தட்டிற்குத் தரும் பெயரை, அச்சோற்றை ஈட்டித் தரும் கருவிக்குப் பலர் தருவதில்லை.

காக்கும் முறை

கள்வனுக்கு மூன்று வசதிகள் வேண்டும்: பொருளை அணுக வழி, விரைந்து எடுத்துச்செல்ல வழி, விற்க வழி. இம்மூன்றையும் தடுக்க முயல்வதே காவல். வினைசெயல்வகை என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் எண்ணிப் பார்க்கச் சொல்லும் ஐந்தனுள் கருவியும் காலமும் இடமும் இருப்பது இங்கு நினைக்கத்தக்கது.

முதலாவது, அணுகுதல். வேனின் பின்கதவு சுவரை ஒட்டி இருக்குமாறு நிறுத்தினால் அதனைத் திறத்தல் அரிது. திறந்த லாரியில் கருவிப்பெட்டியை வெறுமனே வைத்தல் கூடாது. பெட்டியின் உட்புறத்திலிருந்து போல்ட்டு முடுக்கி வண்டியோடு பிணைக்க வேண்டும். அடுக்குமாடியில் வேலை செய்பவர் அன்றைய வேலைக்கு வேண்டியதை மட்டும் மேலே கொண்டுசென்று, எஞ்சியவற்றைப் பூட்டி வைத்தல் நலம். உணவு நேரமும், சாமான் இறக்கும் நேரமும் கவனம் சிதறும் நேரங்கள். இரவில் விலை மிக்க கருவிகள் வண்டியில் இருத்தலாகாது.

இரண்டாவது, எடுத்துச்செல்லுதல். சாவியைப் பொருத்தியவாறே வண்டியை விட்டு இறங்குதல் கள்வனுக்கு அழைப்பாகும். இக்கால வண்டிகள் பலவற்றின் சாவியில் சிறு மின்னணுச் சில்லு உண்டு. அது தரும் குறியீட்டை வண்டியின் கணினி ஏற்றாலன்றி எஞ்சின் இயங்காது. ஆயின் மின்னணுக் கருவிகளைக் கொண்டு இக்காவலையும் கடக்கும் கள்வர் உளர். ஆதலால் ஸ்டீயரிங் பூட்டு, எரிபொருளைத் தடுக்கும் மறைவான சுவிட்சு போன்ற எளிய தடைகளையும் உடன்வைத்தல் வேண்டும். மோட்டார் சைக்கிளைப் பூட்டும் சங்கிலியைத் தரையில் படாமல் இழுத்து, அசையாத தூணோடு பிணைக்க வேண்டும். தரையில் கிடக்கும் சங்கிலியைச் சம்மட்டியால் அடித்து உடைப்பது எளிது.

மூன்றாவது, விற்றல். இதனைத் தடுப்பதே பெயர். எந்திரத்தின் உடலில் தொழிற்பெயரையோ வண்டி எண்ணையோ ஆழமாகப் பொறித்தல் வேண்டும். தயாரிப்பாளர் இட்ட வரிசை எண் மட்டும் அழியாதிருத்தல் வேண்டும், சான்றுக்கு அது இன்றியமையாதது. சுத்தியல், குறடு, ஸ்பேனர் போன்றவற்றின் கைப்பிடிகளுக்கு ஒரே நிறம் பூசி வைத்தால், பிறர் கருவிகளோடு கலந்தாலும் உடனே தெரியும். கண்ணுக்குப் புலப்படாத நுண்புள்ளிகளால் பொருளுக்கு அடையாளமிடும் முறையும் இன்று உண்டு. தென்னாப்பிரிக்கா 2012 முதல் புதிய வாகனங்களுக்கு இதனைக் கட்டாயமாக்கியது.

எண்ணிப் பார்க்கும் வழக்கமும் வேண்டும். விமானம் பழுதுபார்க்கும் கூடங்களில் ஒவ்வொரு கருவியின் வடிவத்தையும் பலகையில் வரைந்து, அவ்வடிவத்தின் மீதே கருவியை மாட்டி வைப்பர். ஒன்று குறைந்தாலும் வெற்று வடிவம் அதைக் காட்டிக்கொடுக்கும். வேனின் உட்சுவரில் இத்தகைய பலகையை அமைத்தல் அரிதன்று. வேலையிடத்தை விட்டுப் புறப்படுமுன்னரே குறை தெரிந்தால் தேடலாம்; மூன்று நாள் கழித்துத் தெரிந்தால் எங்கே தொலைந்தது என்பதும் விளங்காது.

இதற்கென ஒரு நாள் தமிழர் மரபிலேயே அமைந்திருக்கின்றது. ஆயுத பூசையன்று தொழிலாளர் தம் கருவிகளையெல்லாம் வெளியே எடுத்து, துடைத்து, பொட்டிட்டு வரிசையாக வைக்கின்றனர். வண்டியையும் கழுவி மாலையிடுகின்றனர். எல்லாக் கருவிகளும் ஓரிடத்தில் கூடும் அந்நாளில், ஒவ்வொன்றின் பெயரையும் வரிசை எண்ணையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி, படமும் பிடித்து வைத்தால், போலீசில் புகார் கொடுக்கவும் காப்புறுதி கேட்கவும் அதுவே சான்றாகும். அப்பட்டியலை எழுதித் தரும் பணியைத் தமிழ்ப்பள்ளியில் பயிலும் பிள்ளைகளே செய்யலாம். திருப்புளி, இழைப்புளி, உளி, குறடு என்னும் சொற்களையும் அவர்கள் அன்று கற்றுக்கொள்வர். தந்தையின் தொழில் எத்தனை பொருள்களின் மேல் நிற்கின்றது என்பதையும் அறிவர்.

எஞ்சியிருப்பது வாங்குவோரின் கடமை. திருட்டுப் பொருள் என்று அறிந்தோ, அவ்வாறு நம்பக் காரணமிருந்தோ வாங்குவதும் குற்றமென்று தண்டனைச் சட்டத்தின் 411ஆம் பிரிவு கூறுகின்றது. பெயர் சுரண்டப்பட்ட ஒரு துளையிடும் எந்திரம் பாதி விலைக்கு வருமாயின், அச்சுரண்டலே ‘நம்பக் காரணம்’ ஆகும். அந்த மலிவுக்குரிய மீதி விலையை வேறெங்கோ ஒரு தொழிலாளி, வேலையில்லாத நாட்களாகச் செலுத்திக்கொண்டிருக்கின்றார்.