பல் அடைப்பில் ஒளித்தூண்டிகள்

சொத்தைப் பற்களை அடைப்பதற்கு நூறாண்டுகளுக்கும் மேலாகப் பயன்பட்டு வரும் இரசக்கலவையில் ஏறத்தாழப் பாதி எடை பாதரசமாகும். இதன் உபயோகத்தைப் படிப்படியாகக் குறைக்க வகை செய்யும் மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018-ஆம் ஆண்டில் ஏற்று உறுதி செய்தது. மாற்றுப் பொருள்களுள் முதன்மையானது, ஒளி பட்டதும் இறுகும் பிசின் பசை.

மெத்தாக்ரிலேட் மூலக்கூறுகளும் நுண்ணிய கண்ணாடித் துகள்களும் கலந்த இப்பசை ஒளி பட்ட மாத்திரத்தில் தானே இறுகிவிடுவதில்லை. ஒளியை ஏற்று வினையைத் தொடக்கி வைக்க ஒரு பொருள் தேவை. அதுவே ஒளித்தூண்டி எனப்படும். பெரும்பாலான பசைகளில் இப்பணியைச் செய்வது கேம்பர்குவினோன். கற்பூரத்தை ஆக்சிஜனேற்றம் செய்து பெறப்படும் இம்மஞ்சள் நிறப் பொருளின் பங்கு, பசையின் எடையில் நூற்றுக்கு ஒன்றுகூட இராது. சுமார் 470 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளியை ஏற்றுக் கிளர்ச்சியுறும் இது, உடன் சேர்க்கப்பட்டுள்ள அமீனிடமிருந்து ஹைட்ரஜன் அணுவைப் பறிக்கிறது. எஞ்சிய அமீன் துண்டு அடுத்துள்ள மெத்தாக்ரிலேட்டைப் பற்றிக்கொள்ள, அது மற்றொன்றைப் பற்ற, சில விநாடிகளில் வலைப்பின்னலான பாலிமர் உருவாகிவிடுகிறது.

மேற்பரப்பு கெட்டியானால் அடிவரை கெட்டியாயிற்று என்று கொள்வதற்கில்லை. உள்ளே செல்லச் செல்ல ஒளி மங்குவதால், வழக்கமான பசையை 2 மில்லிமீட்டர் அடுக்குகளாகவே இட்டு இறுக்க வேண்டும். விளக்கு பழையதாயினும், அதன் முனையில் காய்ந்த பசை படிந்திருப்பினும், அடிப்பகுதி மென்மையாகவே நின்றுவிடும். அன்றைய தினம் இது மருத்துவருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. பின்னர் அடைப்பு பெயரும்போது, ஒருநாள் கூலியை இழந்து அவர் மீண்டும் வர நேரிடுகிறது. ஒளிச்செறிவை அளக்கும் சிறு கருவி ஒன்று இவ்விரயத்தைப் பெரிதும் தவிர்க்கும்.

கேம்பர்குவினோனின் மஞ்சள் நிறம் முன்பற்களுக்கு உகந்ததன்று. எனவே சில பசைகளில் டி.பி.ஓ. என்னும் வேறொரு ஒளித்தூண்டியும் சேர்க்கப்படுகிறது. (ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் நகப்பூச்சு உள்ளிட்ட அழகுப் பொருள்களில் இதைத் தடை செய்துள்ளது, பல் பசைகள் அத்தடையில் அடங்கா.) இது 400 நானோமீட்டரை ஒட்டிய ஊதா ஒளியையே நன்கு ஏற்கும், நீல ஒளியை மட்டும் உமிழும் எல்.இ.டி. விளக்கு இதற்குப் பயன்படாது. பசைக்கு ஓர் ஒப்பந்தப்புள்ளி, விளக்குக்கு மற்றொன்று எனத் தனித்தனியே கோரி, குறைந்த விலையை மட்டும் ஒப்பிட்டு வாங்கும் முறையில் இப்பொருத்தம் எளிதில் விடுபட்டுப் போகும். விளக்கின் அலைநீள வரம்பையும் பசையிலுள்ள ஒளித்தூண்டியின் பெயரையும் ஒரே விவரக்குறிப்பில் கேட்டுப் பெறுவதற்குக் கூடுதல் செலவு ஏதுமில்லை.