கல்லீரலுக்குள் ஒரு மலைப் பாதை

நாமக்கல் ஜில்லாவில், காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லி மலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸில் ஏறியதும் அவற்றை உற்சாகமாக எண்ணத் தொடங்குகிறவர்கள், இருபதைத் தாண்டுவதற்குள் தலை சுற்றிக் கணக்கைக் கோட்டை விட்டு விடுவார்கள். மேலே குளிர்ந்த காற்று, ஆகாய கங்கை அருவி, அறப்பளீசுவரர் கோயில். அப்புறம் இருக்கவே இருக்கின்றன மூலிகைகள்! முழங்கால் வலி என்று முடவாட்டுக்கால் கிழங்கை வாங்கி வந்து சூப் வைத்துச் சாப்பிடுகிறவர்கள் பலர். 'ஈரலில் கோளாறா? கொல்லி மலையில் பச்சிலை கிடைக்கும்' என்று யோசனை சொல்கிறவர்களும் உண்டு.

இந்த யோசனையை எடை போட வேண்டுமானால், கல்லீரலுக்குள் ரத்தம் போகும் பாதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அதுவும் ஒரு மலைப் பாதை மாதிரிதான்.

நிமிஷத்துக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் ரத்தம் கல்லீரலுக்குள் பாய்கிறது. அதில் முக்கால் பங்கு, குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் 'போர்ட்டல்' என்னும் பெரிய ரத்தக் குழாய் வழியாக வருவது. ஆரோக்கியமான ஈரல் மெத்தென்றிருப்பதால் அவ்வளவு ரத்தமும் தடங்கலின்றிப் போய்விடுகிறது. ஆனால், வருஷக் கணக்கான குடியோ, ஹெபடைடிஸ் 'பி', 'ஸி' கிருமிகளோ, நீரிழிவோடும் உடல் பருமனோடும் சேரும் கொழுப்போ ஈரலைப் புண்ணாக்கிக்கொண்டே இருந்தால், ஆறிய இடமெல்லாம் தழும்பேறுகிறது. தழும்பு முற்றி ஈரல் இறுகிக் கரடுமுரடாவதைத்தான் டாக்டர்கள் 'ஸிரோஸிஸ்' என்கிறார்கள். மதுவைத் தொட்டறியாதவருக்கும் இது வரலாம்.

தழும்புக்கு நடுவே அகப்பட்ட செல்களுக்குப் பிராணவாயு போதவில்லை. அப்போது நடப்பதுதான் விந்தை! நம் உடம்பில் அநேகமாக எல்லாச் செல்களிலும் ஒரே ஜீன்கள்தான் இருக்கின்றன. எந்த ஜீன் எப்போது விழிக்க வேண்டும், எது உறங்க வேண்டும் என்பதில்தான் வித்தியாசம். பிராணவாயு தாராளமாக உள்ளபோது, 'ஹிஃப்' என்ற புரதம் பிறந்த கையோடு அழிக்கப்படுகிறது. பிராணவாயு குறைந்தால் அது பிழைத்துக்கொள்கிறது. பிழைத்தது சும்மா இருக்குமா? 'வி.இ.ஜி.எஃப்.' என்ற இன்னொரு புரதத்தின் ஜீனைத் தட்டி எழுப்புகிறது. அந்தப் புரதம், 'புதிய ரத்தக் குழாய்கள் முளைக்கட்டும்' என்று உத்தரவு போடுகிறது. பிராணவாயுவின் அளவைச் செல்கள் எப்படி உணர்கின்றன என்று கண்டறிந்த கெய்லின், ராட்கிளிஃப், ஸெமென்ஸா ஆகிய மூவருக்கும் 2019-ல் நோபல் பரிசு கிடைத்தது.

கையில் பட்ட காயத்துக்கு இந்த ஏற்பாடு சஞ்சீவி. ஸிரோஸிஸிலோ நல்லெண்ணமே வினையாகிறது. புதிய குழாய்கள் தழும்பின் ஓரமாகவே படர்வதால், ரத்தம் ஈரல் செல்களை எட்டாமல் ஒதுங்கிப் போகிறது. தழும்பும் கூடவே வளர்கிறது. போர்ட்டல் குழாயில் அழுத்தம் ஏறுகிறது. அது ஈரலைத் தாண்டிய பின் உள்ள அழுத்தத்தைவிட 5 மில்லிமீட்டர் பாதரசம் வரை கூடுதலாக இருப்பது இயல்பு. வித்தியாசம் 10-ஐத் தாண்டினால் விபரீதம் ஆரம்பம்.

மலைச் சாலையில் பாறை சரிந்தால், நடந்து போகிறவர்கள் ஒற்றையடிப் பாதையில் இறங்கலாம். லாரிகளும் அதிலேயே இறங்கினால் என்ன ஆகும்? உணவுக் குழாயின் அடிப்பகுதியிலுள்ள மெல்லிய ரத்தக் குழாய்களுக்கு இந்தக் கதிதான். திசை மாறி வரும் ரத்தத்தால் அவை புடைத்து, ஒரு நாள் வெடிக்கின்றன. ரத்த வாந்தி வரும். அல்லது மலம் தார் போலக் கறுத்துப் போகும்.

அந்த ஜீனையே அடக்கி விட்டால் என்ன? வி.இ.ஜி.எஃப்.பைத் தடுக்கும் மருந்துகள் புற்றுநோய்க்கு உண்டு. ஆனால் அவையே ரத்தக் கசிவை உண்டாக்கக் கூடியவை. எனவே ஸிரோஸிஸுக்கு அவை வழக்கமான சிகிச்சை ஆகவில்லை. கைகொடுப்பவை எளிய வழிகள்தான். 'பிராப்ரனலால்' போன்ற மாத்திரைகள் அழுத்தத்தைத் தணிக்கும். எண்டோஸ்கோப்பி வழியாகப் புடைத்த குழாய்க்கு ரப்பர் வளையம் மாட்டி விடலாம். குடியை விடுவதும், கிருமிக்கு மருந்து சாப்பிடுவதும் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

சரி, பச்சிலை? கீழாநெல்லியைச் சென்னை ஆராய்ச்சியாளர்கள் முறையாகவே பரிசோதித்தார்கள். ஹெபடைடிஸ் 'பி' கிருமியைச் சுமந்த 37 பேரில் 22 பேருக்கு அதன் அடையாளம் மறைந்ததாக 1988-ல் 'லான்ஸெட்' பத்திரிகையில் எழுதினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு மற்ற இடங்களில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் உறுதிப்படவில்லை. தவிர, அந்தச் சோதனை கிருமியைப் பற்றியது. புடைத்த ரத்தக் குழாயைப் பற்றியதல்ல.

வீட்டில் யாருக்காவது ஈரல் நோய் இருந்தால், ஒரு முறையாவது எண்டோஸ்கோப்பி தேவையா என்று டாக்டரைக் கேளுங்கள். பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் 'பி' ஊசி போட்டாயிற்றா என்று பாருங்கள். ரத்த வாந்தியோ கறுப்பு மலமோ கண்டால், கஷாயம் காய்ச்சிக்கொண்டிருக்க நேரமில்லை. உடனே 108-க்குப் போன் செய்யுங்கள்.